சூலியா தெரு: பெருந்தொற்றுக் கால நிவாரணத் தொகை

சூலியா தெரு, பினாங்கு ஜார்ஜ் டவுனில் தமிழ் முஸ்லிம் வணிகர்களால் பேர்பெற்ற பழந்தெரு. 2008-இல் யுனெஸ்கோ அங்கீகரித்த உலகப் பாரம்பரியப் பகுதியுள் அடங்குவது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வரவே, பிரயாணிகளை நம்பி ஜீவனம் நடத்திய விடுதிகளும், பணமாற்றுக் கடைகளும், அந்தியில் அடுப்பு மூட்டும் உணவு வண்டிகளும் ஒருசேர வருவாய் இழந்தன.

நிவாரணம்: மார்ச் 27-இல் பிரதமர் முகிதீன் யாசின் 250 பில்லியன் ரிங்கிட் பிரிஹாத்தின் திட்டத்தைப் பிரகடனம் செய்தார். சிறுவணிகர் துயரம் அதனால் தீராமையின், ஏப்ரல் 6-இல் மேலும் 10 பில்லியன் சேர்க்கப்பட்டு, அதில் 2.1 பில்லியன் குறுந்தொழில் ஸ்தாபனங்களுக்குத் தலா 3,000 ரிங்கிட் மானியமாயிற்று. விண்ணப்பங்களை உள்நாட்டு வருவாய் வாரியம் ஏற்றது. பினாங்கு மாநில அரசாங்கமும் மார்ச் மாதத்திலேயே 75 மில்லியன் ரிங்கிட் உதவித் திட்டமொன்றை அறிவித்தது. 2021 ஜனவரியில் பினாங்கு மீண்டும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டபோது, மத்திய அரசின் பெர்மாய் திட்டத்தின்கீழ் 1,000 ரிங்கிட் கூடுதல் மானியம் வந்தது.

மதிப்பீடு: மானியம் பெறத் தொழிற்பதிவு இன்றியமையாததாகவும், ஊதிய உதவித்தொகை உள்நாட்டுத் தொழிலாளர்க்கு மட்டுமே உரியதாகவும் இருந்தமையால், பதிவற்ற வியாபாரிகளும் அயல்நாட்டுச் சமையற்காரர்களும் அவற்றின் வரம்புக்கு வெளியே நின்றனர். ஆயினும், வட்டியற்ற ரொக்கம் விரைந்து கிடைத்ததே பல சிறு கடைகளுக்குப் பேருபகாரம்.