சுவருக்கு ஒரு சட்டை: ஃபைபர் சிமெண்ட் பலகையின் கதை



நம்மூர் ஓட்டு வீடுகளைப் பற்றி எழுதிய பதிவின் கீழே, அமெரிக்காவில் வடக்கு கரோலினாவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், எங்க வீட்டுச் சுவரை மாத்தணும்ங்கிறாங்க. ஃபைபர் சிமெண்ட் சைடிங் போடச் சொல்றாங்க. விலை அதிகம். போடலாமா?" அவன் வாங்கியிருப்பது 1950களில் கட்டிய வீடு. நான் பொறியாளர் இல்லை, சமூக அறிவியல் நடத்தியவள். ஆனால் இந்தப் பலகைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் "போடலாமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், சைடிங் என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் செங்கல் சுவர்தான் பாரம் தாங்குகிறது, மழையைத் தடுக்கிறது, வெயிலையும் தடுக்கிறது. எல்லாம் ஒரே சுவர். அமெரிக்காவில் பெரும்பாலான தனி வீடுகள் மரச் சட்டத்தில் நிற்கின்றன. சட்டத்தின் மேல் ஒட்டுப்பலகை, அதன் மேல் ஈரம் தடுக்கும் ஒரு தாள், அதற்கும் மேல் வெளிப்பக்கம் வரிசை வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடித்த பலகைகள். அந்த வெளிப்பலகைதான் சைடிங். பாரம் தாங்குவது அதன் வேலை இல்லை. உள்ளே இருக்கும் மரம் நனையாமல் காப்பதுதான் வேலை. உடம்புக்குச் சட்டை மாதிரி.

இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே ஓக், பைன், சிடார் மரங்களைப் பிளந்து இப்படி அடித்தார்கள். காடு நிறைய இருந்த நாடு. மரத்துக்கு உள்ள தொல்லைகள் உங்களுக்குத் தெரியும்: சில வருடத்துக்கு ஒருமுறை வண்ணம் பூச வேண்டும், மக்கும், கரையான் அரிக்கும், தீப்பிடிக்கும். மரம் மாதிரி இருக்க வேண்டும், மரத்தின் குறைகள் இருக்கக் கூடாது என்று ஒரு பொருளைத் தேடியே அமெரிக்கர்கள் நூறு வருடத்துக்கு மேல் செலவழித்திருக்கிறார்கள்.

அதற்கு முதல் விடை ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. லுட்விக் ஹாட்செக் என்பவர் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. அந்தத் தொழிலை விட்டுவிட்டு 1893இல் ஃபக்லாப்ருக் என்ற ஊரில் கல்நார்த் தொழிற்சாலை தொடங்கினார். கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ். பாறையிலிருந்து கிடைக்கும், பஞ்சு போல இழை இழையாகப் பிரியும், தீயில் எரியாது. அவர் செய்தது எளிமையான, ஆனால் கெட்டிக்காரத்தனமான வேலை. காகிதம் செய்யும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டார். மரக்கூழுக்குப் பதில் சிமெண்டும் கல்நாரும் தண்ணீரில் கரைத்த குழம்பை அதில் ஊற்றினார். சல்லடை உருளை அந்தக் குழம்பை மெல்லிய படலமாக எடுக்கும். படலத்தின் மேல் படலமாகச் சுற்றினால் தகடு. காய்ந்தால் கல். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிமெண்ட், ஒரு பங்கு கல்நார். 1901இல் காப்புரிமை பெற்றார். வைத்த பெயர் எட்டர்நிட். 'என்றும் அழியாதது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தது. பெயர் வைப்பதில் மனிதர் கூச்சப்படவில்லை.

நம்மூரில் மாட்டுக் கொட்டகைக்கும், சைக்கிள் ஸ்டாண்டுக்கும், எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்கும் மேலே இருக்கும் சிமெண்ட் ஷீட் அந்தக் குழம்பின் பேரப்பிள்ளைதான். போத்தனூரிலும் அரக்கோணத்திலும் இதற்குத் தொழிற்சாலைகள் வந்தன. நம் நாட்டில் இன்றும் தடை இல்லை.

அமெரிக்காவில் இதே தகட்டைச் சிறு சிறு ஓடுகளாக வெட்டிச் சுவரில் அடித்தார்கள். பென்சில்வேனியாவில் ஆம்ப்ளர் என்ற ஊரில் பெரிய தொழிற்சாலை இருந்தது. 1920களிலிருந்து ஐம்பது வருடம் லட்சக்கணக்கான வீடுகளில் ஏறியது. எரியாது, மக்காது, கரையான் தொடாது. விற்றவர்கள் சொன்னது பொய் இல்லை. ஓடு அப்படித்தான் உழைத்தது. அதைச் செய்தவர்கள்தான் உழைக்க முடியாமல் போனார்கள்.

இந்த இடத்தில் வருடங்களைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் இறந்தார். வயது 33. அவருடைய நுரையீரலில் கல்நார்த் துகள் இருந்ததை மருத்துவர் குக் ஆராய்ந்து மருத்துவ இதழில் எழுதினார். 1930இல் அரசு அறிக்கை வந்தது. 1931இல் அங்கே தொழிற்சாலைத் தூசிக்குச் சட்டமே வந்துவிட்டது. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னரும் அவருடைய சக மருத்துவர்களும் மெசோதீலியோமா என்ற புற்றுநோய் வந்த 33 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் சுரங்கத்தில் வேலை செய்யாமல், சுரங்கத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். ஆக, "அப்போது யாருக்கும் தெரியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரிந்தபின் குறைந்தது நாற்பது ஐம்பது வருடம் விற்றார்கள். நோய் வெளியே தெரிய இருபது முப்பது வருடம் ஆகும் என்பது விற்றவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

இனி ஆஸ்திரேலியா. ஸ்காட்லாந்திலிருந்து மெல்போர்ன் போன ஜேம்ஸ் ஹார்டி என்பவர் தொடங்கிய கம்பெனி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிலிருந்து இந்தத் தகட்டை இறக்குமதி செய்தது. பிறகு சிட்னியில் தானே செய்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீட்டுப் பஞ்சத்தில் அந்த நாட்டில் தெருத்தெருவாக எழுந்தவை இந்தத் தகட்டு வீடுகள். அங்கே 'ஃபைப்ரோ' என்பார்கள். வார விடுமுறையில் குடும்பமே சேர்ந்து தகட்டை அறுத்துச் சொந்த வீடு கட்டிக்கொண்ட காலம் அது. அந்தத் தூசியில் குழந்தைகளும் விளையாடினார்கள்.

1980களில் அதே கம்பெனி கல்நாரை விட்டுவிட்டு மரக்கூழ் இழைக்கு மாறியது. சிமெண்ட், அரைத்த மணல், மரக்கூழ், தண்ணீர். இயந்திரம் அதே ஹாட்செக் வகை. தகட்டை அழுத்தமான நீராவியில் வேகவைப்பார்கள். பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் இன்றைய ஃபைபர் சிமெண்ட். இதில் கல்நார் இல்லை. என் மாணவன் பயப்பட வேண்டியது புதுப் பலகையின் உள்ளே இருப்பதைப் பற்றி அல்ல.

ஆனால் பழைய கணக்கு தீரவில்லை. 2001இல் அந்தக் கம்பெனி, பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 29.3 கோடி ஆஸ்திரேலிய டாலரோடு ஓர் அறக்கட்டளையை அமைத்து ஒதுக்கிவிட்டு, தலைமையை நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது. பணம் போதுமானது என்று அறிவித்தார்கள். 2004இல் நடந்த விசாரணையில் 150 கோடிக்கு மேல் பற்றாக்குறை என்று வெளிப்பட்டது. அந்தத் தொழிற்சாலையில் முன்பு வேலை செய்த பெர்னி பாண்டன் என்பவர், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் வந்து நின்றார். தொழிற்சங்கங்களும் அவரும் விடாமல் பிடித்ததால் புதிய நிதி ஏற்பாடு வந்தது. அது 2007இல் நடைமுறைக்கு வந்தது, அந்த ஆண்டு நவம்பரில் அவர் காலமானார். பொய்யான அறிவிப்புக்கு ஒப்புதல் கொடுத்த இயக்குநர்கள் கடமை தவறியவர்கள் என்று 2012இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. இன்று அமெரிக்காவில் இந்தப் பலகையை மிக அதிகமாக விற்பது அதே கம்பெனிதான். வாங்காதே என்று நான் சொல்லவில்லை. யாரிடம் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம் அல்லவா?

1990 வாக்கில் அவர்கள் அமெரிக்காவுக்கு வந்தபோது நேரம் நன்றாக அமைந்தது. மரத்துக்கு மாற்றாக அங்கே வந்திருந்த அலுமினியம் நெளிந்தது. 1950களின் கடைசியில் வந்த வினைல், அதாவது பிளாஸ்டிக் பலகை, மலிவு, வண்ணம் பூச வேண்டாம், ஆனால் எதிர்வீட்டுக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயிலுக்கே உருகி நெளியும். மரத்தூளையும் மரச்சீவலையும் அழுத்திச் செய்த பலகைகள் மழையில் ஊறி உப்பி, அவற்றின் மேல் பெரிய வழக்குகள் நடந்தன. லூசியானா பசிபிக் என்ற கம்பெனி 1996இல் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. ஊறிப்போன பலகையைப் பிய்த்தவர்கள் அடுத்து எதைத் தேடுவார்கள்? எரியாத, கரையான் தின்னாத சிமெண்ட் பலகை அங்கே தயாராக நின்றது.

அப்படியானால் இது குறையே இல்லாததா? நியூசிலாந்தைப் பாருங்கள். 1990களில் அங்கே ஃபைபர் சிமெண்ட் தகட்டின் மேல் மெல்லிய பூச்சுப் பூசி, கூரை இறவாணமே இல்லாமல், மருந்து ஏற்றாத பைன் சட்டத்தில், பின்னால் காற்று போக இடைவெளியும் விடாமல் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டினார்கள். பார்க்க அழகு. மூட்டு வழியாக உள்ளே போன நீர் வெளியே வரவில்லை. தகடு அப்படியே இருக்க, உள்ளே மரம் மக்கிப் போனது. 'ஒழுகும் வீடுகள்' என்று அந்நாட்டில் அதற்குப் பெயரே வந்துவிட்டது. 2009இல் போட்ட ஒரு மதிப்பீட்டில் நஷ்டம் 1,130 கோடி நியூசிலாந்து டாலர். சட்டை கிழியவில்லை, உடம்புதான் கெட்டது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், விற்பனைத் தாளில் பலகையின் ஆயுள் இருக்கும், அடித்தவரின் கைத்திறன் இருக்காது.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

விலையைப் பொறுத்தவரை, 2024ஆம் ஆண்டுக்கு ரீமாடலிங் என்ற அமெரிக்கப் பத்திரிகை வெளியிட்ட கணக்கில் இந்த வேலைக்குச் சராசரியாக 20,000 டாலருக்குக் கொஞ்சம் மேல் ஆனது. வீட்டை விற்கும்போது அதில் ஏறக்குறைய 88 சதவீதம் அப்போது திரும்பியது. வினைலுக்குத் திரும்பியது சுமார் 80. சராசரிதான், உன் தெரு வேறாக இருக்கலாம். பத்து இருபது வருடம் அங்கேயே இருக்கப்போகிறாய், பழையது உண்மையிலேயே கெட்டுவிட்டது, கரையான் பயமோ காட்டுத்தீ பயமோ உள்ள இடம் என்றால் போடு, பணம் வீண் இல்லை. மூன்று வருடத்தில் வேலை மாறிப் போய்விடுவாய் என்றாலோ, இருப்பது இன்னும் நன்றாக இருக்கிறது என்றாலோ, பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்பதற்காகப் போடாதே. வண்ணமே பூச வேண்டாம் என்று சொன்னாலும் நம்பாதே. அந்த முன்னணிக் கம்பெனியே தொழிற்சாலையில் ஏற்றிய வண்ணத்துக்குத் தரும் உறுதி 15 வருடம், பலகைக்கு 30 வருடம். அந்த உறுதியும் அவர்கள் சொன்னபடி அடித்தால்தான். மண்ணிலிருந்து 6 அங்குலம் உயர்த்த வேண்டும், கூரையிலும் படிக்கட்டிலும் 2 அங்குலம் விட வேண்டும், அறுத்த ஓரத்துக்கு வண்ணம் பூச வேண்டும், ஜன்னலைச் சுற்றி நீர் வெளியேறத் தகடு வைக்க வேண்டும். சுவர் ஓரமாக மண்ணை அணைத்துச் செடி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதை அங்கே செய்யாதே.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. உன் வீடு 1950களில் கட்டியது. இப்போது சுவரில் இருப்பது அலை அலையான ஓரம் கொண்ட, தட்டினால் பீங்கான் சத்தம் வரும் ஓடு என்று எழுதியிருந்தாய். அது ஹாட்செக்கின் கல்நார் ஓடாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. உடையாமல் இருக்கும்வரை அது பெரும்பாலும் தொல்லை தராது. பிய்த்து உடைத்தால்தான் தூசி. அதனால் யாரையும் கடப்பாரையோடு ஏற விடாதே. ஆய்வகத்தில் பரிசோதித்துப் பார், அதிகச் செலவு ஆகாது. கல்நார் என்று வந்தால், அப்படியே விட்டு வண்ணம் பூசுவதா, மேலே மூடுவதா, எடுப்பதா என்பதை அதற்கென்று உரிமம் பெற்றவர்தான் சொல்ல வேண்டும். உன் கணக்கில் அந்தச் செலவையும் சேர்த்துக்கொள். சைடிங் கான்ட்ராக்டர் கொடுத்த விலைத்தாளில் அது இருக்கிறதா என்று பார். குழந்தைகளை அந்த நாட்களில் வேறு எங்காவது அனுப்பிவிடு.

இன்னொன்று. புதுப் பலகையில் கல்நார் இல்லைதான், ஆனால் அரைத்த மணல் இருக்கிறது. மின்ரம்பத்தில் அறுத்தால் பறக்கும் சிலிகாத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நம்மூர்க் கல்குவாரியில் வேலை செய்தவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். அமெரிக்காவில் 2016இல் இதற்கு விதி கொண்டுவந்தார்கள், கட்டுமான வேலைகளுக்கு 2017 முதல் நடைமுறை. தூசியை உறிஞ்சும் குழாய் வைத்த ரம்பமோ, தூசி எழாமல் வெட்டும் கத்திரியோ பயன்படுத்த வேண்டும். உன் வீட்டு வாசலில் வந்து அறுக்கப்போகிறவர் பெரும்பாலும் எங்கிருந்தோ பிழைக்க வந்த ஒருவராக இருப்பார், முகமூடி வேண்டும் என்று முதலாளியிடம் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார். கான்ட்ராக்டரிடம் விலை பேசும்போதே, பலகையை எங்கே வைத்து எதைக் கொண்டு அறுப்பீர்கள் என்று நீ கேள். சரியான பதில் சொல்லத் தெரியாதவருக்கு ஜன்னல் ஓரத்துத் தகடும் சரியாக வைக்கத் தெரியாது என்பது என் கணிப்பு.

பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே கீழே எழுது, தம்பி. இதே மாதிரிப் பழைய வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். ஊரில் சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் துளை போடலாமா என்று கேட்ட சித்திக்கு: போட வேண்டாம் சித்தி, அடுத்த வாரம் விவரமாக எழுதுகிறேன்.