கிரேக்கத்துக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் போன் செய்தான். கல்லூரியில் கடைசி வருடம். "மாமா, நீங்க யுபிஎஸ்சி எழுதினீங்கல்ல? என்ன படிக்கணும்னு சொல்லுங்க." நான் இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் முதல்நிலைத் தேர்வைத் தாண்டி, முதன்மைத் தேர்வில் விழுந்து, அதன்பின் மென்பொருள் வேலைக்கே திரும்பி வந்தவன். தோற்றவனிடம் வழி கேட்கிறானே என்று தோன்றினாலும் எல்லாரும் சொல்வதைச் சொன்னேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை என்சிஇஆர்டி புத்தகங்கள், அரசியலமைப்புக்கு லட்சுமிகாந்த், தினமும் ஒரு ஆங்கில நாளிதழ், பழைய வினாத்தாள்கள். போனை வைத்தபிறகு ஏதோ பொய் சொன்ன மாதிரி இருந்தது. சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் 'என்ன படிக்கணும்' என்ற கேள்விக்கு 170 வருடக் கதை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புத்தகப் பட்டியல் மட்டும் கொடுத்தால் அவனுக்கு எதுவும் புரியாது. எனக்கும் அப்போது புரியவில்லை.

கதை மெக்காலேயிடம் ஆரம்பிக்கிறது. ஆமாம், அதே மெக்காலே. கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் வேண்டப்பட்டவர்களின் பிள்ளைகளையும் ஹெய்லிபரி கல்லூரிக்கு அனுப்பி, அங்கிருந்து கப்பல் ஏற்றிக் கலெக்டர் ஆக்கிக்கொண்டிருந்த காலம். 1833-இல் நாடாளுமன்றத்தில் பேசும்போது, போட்டித் தேர்வு வேண்டும் என்று மெக்காலே வாதாடினார். கிரேக்கம் படித்தவன் இந்தியாவை ஆள எப்படித் தகுதியாவான் என்ற கேள்விக்கு அவருடைய பதில் சுவாரசியமானது. பாடம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். கிரேக்கத்துக்குப் பதிலாக அமெரிக்கப் பழங்குடிகளின் செரோக்கி மொழியைப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தாலும், அதில் முதலாவதாக வருகிறவன்தான் பொதுவாக மற்றவர்களைவிட மேலான ஆளாக இருப்பான் என்பது அவர் கட்சி. அதாவது பாடம் ஒரு சாக்கு. பந்தயம்தான் முக்கியம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இன்றைக்கும் ஐஏஎஸ் பயிற்சி மையங்களில் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்வார்கள். ஆனால் 1853-இல் சட்டம் மாறி, தேர்வை வடிவமைக்க 1854-இல் அவர் தலைமையில் குழு அமைந்தபோது, பாடம் ஒரு சாக்கு என்று சொன்ன அதே மனிதரின் அறிக்கையில் மதிப்பெண் பட்டியல் ஒன்று வந்தது. ஆங்கில இலக்கியம், வரலாறு, கட்டுரை எல்லாம் சேர்த்து 1500. கணிதம் 1000. கிரேக்கம் 750. லத்தீன் 750. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் தலா 375. இயற்கை அறிவியல் 500. தத்துவமும் அறவியலும் 500. கடைசியில் சமஸ்கிருதம் 375, அரபு 375. மொத்தம் 6875.

தமிழ், வங்காளம், இந்துஸ்தானி எதுவும் பட்டியலில் இல்லை. தேர்வில் தேறியபின் பயிற்சிக் காலத்தில் அதைப் படித்துக்கொள்ளலாம். குழுவில் ஆக்ஸ்ஃபோர்டின் பெஞ்சமின் ஜோவெட்டும் இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து முடிக்கும் பையன் எதைப் படித்திருப்பானோ, அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை இது. செரோக்கி உதாரணம் மேடைக்கு. பட்டியல் போடும்போது கிரேக்கம்.

நான் வேலை பார்க்கும் துறையில் இதை 'வெயிட்' என்போம். எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை கொடுக்கிறாய் என்பதிலேயே யார் மேலே வருவார்கள் என்பது பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதிதான் திறமை.

தேர்வு லண்டனில் மட்டும். கப்பல் கட்டணம், அங்கே தங்கும் செலவு, கடல் தாண்டினால் சாதியை விட்டு விலக்குவார்களோ என்ற பயம், எல்லாவற்றையும் தாண்டி 1863-இல் சத்யேந்திரநாத் தாகூர் தேறினார். ரவீந்திரநாத்தின் அண்ணன். முதல் இந்திய ஐசிஎஸ். கூடப்போன நண்பர் மன்மோகன் கோஷ் இரண்டு முறை எழுதியும் தேறவில்லை. இதற்கிடையில் சமஸ்கிருதம், அரபு மதிப்பெண்கள் குறைக்கப்பட்டன. இந்தியப் பையன்கள் ஓரளவு நிற்கக்கூடிய இடமே அந்த இரண்டு பாடங்கள்தான். தாகூர் வந்ததால்தான் குறைத்தார்கள் என்று நிரூபிக்க முடியாது. கோஷ் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

பாடத்தில் கை வைத்தது போக, வயதிலும் கை வைத்தார்கள். 1855-இல் வயது வரம்பு 23. பிறகு 22, 21 என்று இறங்கி, 1878-இல் 19 ஆனது. கல்கத்தாவிலோ சென்னையிலோ பிறந்த ஒரு பையன் பத்தொன்பது வயதுக்குள் ஆங்கிலத்தில் தேர்ந்து, கிரேக்கமும் லத்தீனும் கற்று, லண்டன் போய்ப் போட்டி போட வேண்டும். சுரேந்திரநாத் பானர்ஜி இந்த வயது விவகாரத்தில் ஏற்கெனவே அடிபட்டவர். 1869-இல் அவர் தேறியபோது, வயது கணக்கு இடிக்கிறது என்று பெயரை நீக்கினார்கள். வயதைச் சொல்வதில் நம் ஊர் வழக்கம் வேறு, அவர்கள் வழக்கம் வேறு என்று லண்டன் நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்து வேலைக்கு வந்தார். 1874-இல் வேலையிலிருந்தே நீக்கப்பட்டார். பிறகு 19 வயது வரம்பை எதிர்த்து ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார். இந்தியா முழுக்கப் படித்தவர்களை ஒரே கோரிக்கையின் பின்னால் திரட்டிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. காங்கிரஸ் பிறப்பதற்கு எட்டு வருடம் முன்னால், ஒரு நுழைவுத் தேர்வின் வயது வரம்புக்காக! பாடப்புத்தகத்தில் இதை ஒரு வரியில் கடந்து போயிருப்போம்.

அந்த 19 வயதுக் காலத்தில்தான், 1890-இல், அரவிந்தர் தேறினார். சிறுவயதிலேயே அப்பா இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டதால் கிரேக்கமும் லத்தீனும் அவருக்குப் பள்ளிக்கூடப் பாடங்கள். இரண்டிலும் அள்ளினார். கடைசியில் குதிரையேற்றத் தேர்வை முடிக்காததால் வேலை கிடைக்கவில்லை. கலெக்டர் கிராமம் கிராமமாகக் குதிரையில் போக வேண்டிய காலம், அதனால் அது ஒன்றுதான் வேலைக்கு நேரடியாகத் தேவைப்பட்ட பாடம் என்றுகூடச் சொல்லலாம்.

லண்டனில் இதற்கென்றே பயிற்சி மையங்களும் முளைத்தன. வால்டர் ரென் நடத்திய மையம் மிகப் பிரபலம். நுனிப்புல் மேய்கிறவர்களைத் தடுப்பதற்காக ஒவ்வொரு பாடத்திலும் கொஞ்சம் மதிப்பெண்ணைக் கழித்துவிட்டே மீதியைக் கணக்கில் சேர்த்தார்கள். அப்படியும் ரென் கடையை மூடவில்லை. அண்ணா நகரில் ஒரு காலைப்பொழுது நடந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

தமிழுக்கும் ஒரு சின்ன இடம் இருந்தது, ஜெயித்தபின். சென்னை மாகாணத்துக்குப் போகவிருக்கும் இளம் அதிகாரிகள் தமிழோ தெலுங்கோ படிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஜி.யு. போப். திருக்குறளையும் திருவாசகத்தையும் மொழிபெயர்த்த அதே போப் ஐயர். நமக்குத் தாய்மொழியாக இருப்பது அவர்களுக்கு வேலைக்கான துணைப்பாடம்.

லண்டனில் நடக்கும் தேர்வை அதே நேரத்தில் இந்தியாவிலும் நடத்தலாம் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை 1893-இல் தீர்மானமே போட்டது. முதல் தேர்வு அலகாபாத்தில் நடந்தது 1922-இல். இருபத்தொன்பது வருடங்கள்!

சுதந்திரத்துக்குப் பிறகு ஐசிஎஸ் ஐஏஎஸ் ஆனது. கிரேக்கம் போச்சு, ஆங்கிலம் இருந்தது. 1965-இல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகப்போகிறது என்று வந்தபோது தமிழ்நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்ததற்கு மொழிப்பற்று மட்டும் காரணமில்லை. மத்திய அரசுத் தேர்வுகளை இந்தியில் எழுதச் சொன்னால் நாம் எங்கே நிற்போம் என்ற கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கு சரியானது. மன்மோகன் கோஷ் போட்ட அதே கணக்கு. 1968 ஜனவரியில் நாடாளுமன்றத் தீர்மானம், எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் தேர்வு எழுத வழிசெய்யும் என்றது. கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979-இல் முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என்ற மூன்று படிகள் வந்தன. முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்றானது. ஆனால் முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். இன்றுவரை.

இனி என் அறைத்தோழர் கதை. 2012, அண்ணா நகரில் ஓர் அறை, நான்கு பேர். அதில் ஓர் அண்ணன், என்னைவிட நான்கு வயது மூத்தவர், திருவண்ணாமலைப் பக்கம், அரசுக் கலைக்கல்லூரியில் பி.ஏ. வரலாறு, முழுக்கத் தமிழ்வழி. விருப்பப் பாடம் தமிழ் இலக்கியம். எனக்கு அந்தப் பாடத்திட்டமே அவர் காட்டித்தான் தெரியும். குறுந்தொகை, புறநானூறு, சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம், கம்பனில் கும்பகர்ணன் வதைப் படலம், பாரதியின் கண்ணன் பாட்டு, அகிலனின் சித்திரப்பாவை, ஜெயகாந்தனின் குருபீடம். அண்ணாவின் ஏ! தாழ்ந்த தமிழகமே, அதே பட்டியலில் சோவின் யாருக்கும் வெட்கமில்லை. இந்த இருவரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைக்க யுபிஎஸ்சியால்தான் முடியும். நாட்டார் இலக்கியத்தில் முத்துப்பட்டன் கதை. ராத்திரி மொட்டைமாடியில் கும்பகர்ணன் போருக்குக் கிளம்பும் இடத்தை அவர் சொல்லக் கேட்டுத்தான் நான் கம்பனைப் படிக்க ஆரம்பித்தேன்.

அதற்கு முந்தைய வருடம்தான் சிசாட் வந்திருந்தது. அதுவரை முதல்நிலையில் 150 மதிப்பெண் பொது அறிவு, 300 மதிப்பெண் விருப்பப் பாடம். 2011-இல் விருப்பப் பாடத்தைத் தூக்கிவிட்டு, பத்தி வாசிப்பு, தருக்கம், கணக்கு என்று 80 கேள்வி, 200 மதிப்பெண் தாள் ஒன்றைப் போட்டார்கள். நடுநிலையான திறனறிவு என்று சொன்னார்கள். நான் பொறியியல் படித்தவன். கேம்பஸ் வேலைவாய்ப்புக்காக இதே மாதிரிக் கணக்குகளை மூன்று வருடம் போட்டவன். எனக்கு அந்தத் தாள் லட்டு. அண்ணனுக்கு முதல் தாளில் என்னைவிட நன்றாகவே வந்தது. இரண்டாவது தாளில் ஆங்கிலப் பத்திகளை வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நான் தேறினேன், அவர் இல்லை.

அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்குத் தகுதி இருந்தது, தேறினேன் என்றுதான் நினைத்தேன். மெக்காலேயின் செரோக்கி வாதத்தை அப்போது நான் படித்திருக்கவில்லை. ஆனால் அதை முழுசாக நம்பினேன். என் சட்டை எனக்கு அளவெடுத்துத் தைத்தது என்பது போட்டிருக்கும்போது தெரியாது.

2013 மார்ச்சில் இன்னொரு அறிவிப்பு. ஆங்கில மதிப்பெண் தரவரிசைக்குச் சேரும், தாய்மொழியில் எழுதவும் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கவும் புதுக் கட்டுப்பாடுகள் என்றார்கள். இலக்கியப் பாடம் வேண்டுமென்றால் பட்டப்படிப்பே அதில் இருக்க வேண்டும். வரலாறு படித்த அண்ணனுக்குக் கும்பகர்ணன் கிடையாது! தமிழ்நாட்டிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் எதிர்ப்பு வந்து, நாடாளுமன்றத்தில் சத்தம் எழுந்து, அந்த மாதமே பின்வாங்கினார்கள். 2014-இல் டெல்லி முகர்ஜி நகரில் இந்திவழி மாணவர்கள் சிசாட்டுக்கு எதிராகப் போராடினார்கள். இந்தி மொழிபெயர்ப்பில் எஃகு ஆலை 'இரும்புச் செடி' ஆகியிருந்தது என்று அப்போது பேசிச் சிரித்தார்கள். தமிழ்வழி மாணவர்களுக்கு அப்படிச் சிரிக்கக்கூட ஒரு மொழிபெயர்ப்பு இல்லை. 2015 முதல் சிசாட் வெறும் தகுதித் தாள், 33 சதவீதம் போதும். அதற்குள் அண்ணன் மாநிலத் தேர்வாணையத் தேர்வு எழுதி வேலைக்குப் போய்விட்டார்.

அக்கா பையனுக்காகப் போன வாரம் அவரைக் கூப்பிட்டேன். ரொம்ப நாள் கழித்துப் பேசுகிறோம். இந்தக் கட்டுரையில் உள்ளதைத்தான் கொஞ்சம் உளறலாகச் சொன்னேன், 2012 உட்பட. பழைய கதையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "பையன் எந்த மீடியம் தம்பி?" என்று கேட்டார். பன்னிரண்டு வரை தமிழ், கல்லூரி ஆங்கிலம் என்றேன்.

"அப்ப லட்சுமிகாந்த் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். மொதல்ல பழைய சிசாட் பேப்பர் ஒண்ணை எடுத்து, கடிகாரத்தை வெச்சு, பத்தி மட்டும் படிக்கச் சொல்லுங்க. எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பார்த்துட்டு எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க."