வெற்றிடக் குழாயும் செவிச் சுவையும்

தேவை நீங்கிய பின்னரும் சில பொருள்கள் உலகில் நிலைத்து வாழ்கின்றன. அங்ஙனம் வாழுங்கால், முன்னர் எக்குறையினால் அவை இகழப்பட்டனவோ அக்குறையே பின்னர்க் குணமாகப் போற்றப்படுதலும் உண்டு. வெற்றிடக் குழாய் என்றும், பொது வழக்கில் வால்வு என்றும் கூறப்படும் கண்ணாடிக் குமிழின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இக்காலத்தில் ஹெட்போனைத் தலையில் அணிந்து இசை கேட்போருள் ஒரு சாரார், வால்வு பொருத்திய விரியலாக்கிகளை விரும்பி வாங்குகின்றனர். நுண்ணிய மின்சைகையைப் பெருக்கித் தரும் கருவியே விரியலாக்கி. வாங்கியதோடு அமையாது, அதிலுள்ள வால்வைக் கழற்றிவிட்டு, வேறொரு தொழிற்சாலையில் வேறோர் ஆண்டிற் செய்யப்பட்ட வால்வைச் செருகி, ஒலி எவ்வாறு மாறுகின்றதென அவர்கள் கூர்ந்து கேட்கின்றனர். வால்வுக்கு வால்வு வேறுபாடிருத்தல் இவர்களுக்கு இன்பம். அவற்றைச் செய்த பொறியியலாளருக்கோ அதுவே பெரும் பகையாயிருந்தது. இம்முரண் தோன்றிய வரலாறு ஆராயத்தக்கது.

மின்விளக்கின் குமிழினுள்ளே, சூடேறிய இழையிலிருந்து வேறொரு தகட்டுக்கு வெற்றிடத்தினூடாக மின்னோட்டம் செல்வதை எடிசன் கண்டு, அதனைப் பயன்படுத்தும் கருவியொன்றுக்கு 1884 ஆம் ஆண்டிற் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் அதன் உட்பொருளை அவர் அறிந்திலர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் பிளெமிங், 1904 ஆம் ஆண்டில், அவ்வோட்டம் ஒரு திசையிலேயே செல்லும் இயல்பைக் கொண்டு கம்பியில்லாத் தந்தியின் அலைகளை உணரும் கருவியை ஆக்கினார். நீரை ஒரு வழியே செல்லவிடும் வால்வைப் போன்றதாகலின் அதற்கு அப்பெயரே வழங்கலாயிற்று. அமெரிக்கராகிய லீ டி பொறெஸ்ற் என்பார் 1906, 1907 ஆம் ஆண்டுகளில் இழைக்கும் தகட்டுக்குமிடையே மூன்றாவதாக ஒரு கம்பியைப் புகுத்தினார். நெய்யரி எனப்படும் இக்கம்பிக்கு அளிக்கும் சிறு மின்னழுத்தம், தகட்டுக்குச் செல்லும் பெரிய ஓட்டத்தை ஆட்டிப் படைக்க வல்லது. 'ஓடியன்' என்று அவர் பெயரிட்ட இக்குமிழிலிருந்தே ஒலிபெருக்கும் கலை பிறந்தது.

அக்காலத்தில் வானலையின் செய்தியைக் கேட்பதற்கு ஹெட்போனே உற்ற துணையாயிருந்தது. யூற்றா மாநிலத்தவரான நதானியேல் போல்ட்வின் 1910 ஆம் ஆண்டளவில் தாம் செய்த ஹெட்போன்களை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை அவற்றை ஏற்று மேலும் வேண்டிற்று. ஆகவே, வால்வும் ஹெட்போனும் இணைந்திருத்தல் இன்றைய புதுமையன்று. அஃது அவற்றின் இளமைக்கால உறவேயாம். வால்வை மாற்றிப் பார்க்கும் பழக்கமும் அவ்வாறே பழமையானது. ஆரம்ப ஓடியன்களுள் ஒன்றைப் போல மற்றொன்று இருந்ததில்லை. குமிழினுள்ளே எஞ்சிய வாயுவின் அளவு வேறுபட்டமையால் ஒன்று நன்கு உணரும், மற்றொன்று உணராது. நல்ல குமிழைத் தேர்ந்தெடுத்தல் அன்று சுவை நாட்டத்தால் எழுந்த செயலன்று. கேட்க வேண்டிய செய்தியைக் கேட்பதற்கான வழி.

இக்குறையை நீக்குவதே பின்வந்தோரின் பெருமுயற்சியாயிற்று. எஞ்சிய வாயு வேண்டியதென்று டி பொறெஸ்ற் கருதியிருக்க, அது தடையே என்று கண்டு, 1912, 1913 ஆம் ஆண்டுகளில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தில் லாங்மியூரும், வெஸ்ரேர்ன் எலெக்ரிக் நிறுவனத்தில் ஆர்னல்டும் உயர் வெற்றிடக் குழாய்களை ஆக்கினர். 1915 ஜனவரி 25 இல் நியூயோர்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசிச் சேவை தொடங்கியது. கண்டத்தைக் கடந்த அக்குரலை இடைவழியிற் பெருக்கித் தந்தவை இத்தகைய குழாய்களே. முதலாம் உலகப் போரிற் பிரெஞ்சுப் படைக்கென ஒரே அமைப்புடைய வால்வுகள் இலட்சக்கணக்கில் ஆக்கப்பட்டன. 1922 இல் பிரித்தானியாவிலும் 1925 இல் கொழும்பிலும் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாக, வால்வு வீட்டுப் பொருளுமாயிற்று. பழுதடைந்ததைக் கழற்றி, கடையில் வாங்கிய புதியதைச் செருகினால் வானொலிப் பெட்டி முன்போலவே பாடவேண்டும் என்பது வாங்குவோரின் எதிர்பார்ப்பு. அதற்கெனவே வால்வின் அடிப்புறத்தில் முள்களும் பெட்டியிற் குழிகளும் அமைக்கப்பட்டன. இன்று சுவைஞர் வால்வை எளிதில் மாற்றக் கூடியதாயிருப்பது, மாற்றினாலும் மாறுபாடு தோன்றலாகாது என்று எண்ணியோர் அமைத்த வசதியினாலேயாம்.

1947 டிசம்பரிற் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் தோன்றியது. சூடேற்றும் இழை வேண்டாமையானும், சிறிய வடிவினதாகையானும், அது சில பத்தாண்டுகளுள் வால்வை வானொலியிலிருந்தும் கணிப்பொறியிலிருந்தும் வெளியேற்றிற்று. இங்கிலாந்தின் பிளாக்பேர்னில் முல்லார்ட் நிறுவனத்தினதும், அமெரிக்காவின் ஹரிசனில் ஆர்.சீ.ஏ. நிறுவனத்தினதும் பெரிய வால்வுத் தொழிற்சாலைகளின் காலம் முடிவுற்றது. அங்கே செய்யப்பட்டு விற்கப்படாது எஞ்சியவையே இன்று சுவைஞர் தேடும் 'பழைய புதுச்சரக்கு'. செய்வோர் இல்லாமையால் அதன் தொகை குறையுமேயன்றிக் கூடாது.

இனி, வால்வை மாற்றினால் ஒலி மெய்யாகவே மாறுமோ எனின், மாறுதற்குக் காரணங்கள் உள. ஈ.சீ.சீ. 83, 81, 82 என்னும் மூன்றும் ஒரே வகை ஒன்பது முள் அடியையுடையன. அவற்றின் பெருக்கற் காரணிகளோ முறையே ஏறத்தாழ 100, 60, 20 ஆகும். எனவே, ஒன்றினிடத்தில் மற்றொன்றை வைத்தால் ஒலியின் உரப்பு உடனே வேறுபடும். இரண்டாவது காரணம், விரியலாக்கியின் வெளியீட்டுத் தடங்கல். 6 ஏ.எஸ். 7 ஜீ என்னும் பெரிய வால்வு இசைக்கென ஆக்கப்பட்டதன்று. மின்வழங்கியின் அழுத்தத்தைச் சீராக்கும் பணிக்கென ஆக்கப்பட்டது. அதன் அகத்தடை 280 ஓம் அளவிற் குறைந்திருந்தமையால், 300 ஓம் தடங்கலுடைய ஹெட்போன்களை இயக்கும் விரியலாக்கிகளில் அது பின்னாளில் இடம்பெற்றது. இத்தகைய ஹெட்போன்கள் பலவற்றில் தாழ்ந்த சுருதிகளிடத்தே தடங்கல் உயர்வதால், வெளியீட்டுத் தடங்கல் மிகுந்த கருவியில் அச்சுருதிகள் சற்றுத் தூக்கலாக ஒலிக்கும். கேட்போர் இதனை 'இதமான ஒலி' என்பர். மூன்றாவது காரணம் திரிபு. இவ்வகை வால்வு தான் பெருக்கும் சுருதியோடு அதன் இருமடங்கு அதிர்வெண்ணையும் சிறிதளவு சேர்க்கும். ஆதார சட்சத்தோடு மேற்றாயிச் சட்சம் மெல்லெனக் கலத்தலை ஒத்த இத்திரிபு செவிக்கு வெறுப்பூட்டுவதில்லை.

எனினும், ஒரே வகையைச் சேர்ந்த பழுதற்ற இரு வால்வுகளுக்கிடையேயுள்ள வேறுபாடு பெரும்பாலும் மிக நுண்ணியது. அதனைச் செவி தனித்து அறிந்ததா, மனம் கூட்டிக்கொண்டதா என்பது வினா. சிறிது உரத்து ஒலிப்பதைச் செவி 'தெளிவு' என்றே கொள்ளும். விலையுயர்ந்ததை மனம் 'இனிமை' என்றே கொள்ளும். வால்வைக் கழற்றி, ஆறவிட்டு, புதியதைச் செருகிச் சூடேறும் வரை காத்திருக்கும் சில நிமிடங்களுள் முன்கேட்ட ஒலியின் நினைவும் மங்கிவிடும். இரண்டின் உரப்பையும் அளந்து சமப்படுத்தி, எது எதுவென்று கேட்போர் அறியாவாறு மாற்றிக் கேட்பித்தாலன்றி உறுதி கூறல் இயலாது. இவ்வாறு கூறுவது சுவையைப் பழிப்பதன்று. சுவைக்கும் சான்றுக்குமுள்ள எல்லையை வரையறுப்பதாகும்.

சான்று நோக்கும் கண் வாங்குவோர்க்கும் வேண்டும். வால்வின் மேல் அச்சிட்ட பெயர் அதனைச் செய்தவரின் பெயர் என்று துணிதல் ஆகாது. நிறுவனங்கள் ஒன்றிடமொன்று வாங்கித் தம் பெயரைப் பொறித்து விற்றன. பிற்காலத்திற் போலி அச்சிட்டு விற்போரும் தோன்றினர். பிலிப்ஸ் குழுமத்தின் வால்வுகளிலோ கண்ணாடியின் அடிப்பக்கத்தில் வகையையும், தொழிற்சாலையையும், ஆண்டையும், மாதத்தையும் காட்டும் சிறு குறிகள் உள்ளன. 'பி' என்னும் ஆங்கில எழுத்து பிளாக்பேர்னையும், முக்கோணம் ஒல்லாந்தின் ஹேர்லன் நகரையும் குறிக்கும். பெருமை பேசும் மெய்க்கீர்த்தியைவிட ஓரத்திற் பொறித்த ஆட்சியாண்டு வரலாற்றாசிரியனுக்கு உதவுவதுபோல, பெரிய எழுத்தைவிட இச்சிறு குறியே நம்பத்தக்கது. முள்கள் பொருந்தினால் எதனையும் செருகலாம் என்பதும் தவறு. ஈ.சீ.சீ. 88 இன் சூடேற்றி 365 மில்லி அம்பியர் ஓட்டத்தை வேண்டுவது. அதே குழியிற் பொருந்தும் சோவியத்து வால்வாகிய 6 என் 1 பீ, 600 மில்லி அம்பியரை வேண்டுவது. இதனை அறியாது மாற்றுவோர் கருவியின் மின்மாற்றியைப் பொசுக்க நேரலாம்.

வால்வு செய்யும் தொழில் முற்றாக மறைந்திலது. உருசியாவின் சராத்தோவிலும், சுலோவாக்கியாவின் சாட்சா நகரிலும் இந்நூற்றாண்டிலும் அவை ஆக்கப்பட்டு வந்துள்ளன. 2022 மார்ச்சில் உருசியா ஏற்றுமதியைத் தடைசெய்ததாகச் செய்தி வந்தபோது, உலகெங்கும் வால்வுகளின் விலை ஏறியமை இத்தொழில் எத்துணைச் சில கைகளில் ஒடுங்கியுள்ளதென்பதைக் காட்டிற்று. கதோட்டின் மீது பூசும் பூச்சின் பக்குவமும், நுண்கம்பியை நெய்யரியாகச் சுற்றும் கைத்திறனும் வரைபடங்களில் முழுதும் அடங்குவனவல்ல. தொழிற்சாலை மூடப்படின் அவற்றை மீட்டல் அரிது. பிளாக்பேர்னிற் செய்த பழைய வால்வொன்றைச் செருகி இசை கேட்பவர், அதன் ஒலி ஏனையவற்றினும் இனிதென்று நிறுவ முடியாமற் போகலாம். ஆனால், வேறுபாடே தோன்றலாகாதென்று உழைத்த பெயரறியாக் கைகளின் எஞ்சிய சுவட்டையே அவர் வேறுபாடெனத் தேடுகின்றார் என்பது மெய். அக்கைகளின் திறமைக்கு அளவுகோலும் செவியும் ஒருங்கே சான்று கூறுதல் தகும். ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் நம்புதல் வரலாற்றுக்கும் இசைக்கும் ஒருங்கே இழைக்கும் பிழையாகும்.