பட்டாசுக்கு அளவு உண்டு, அணுகுண்டுக்கு?

மழையை நம்பிப் பிழைக்க முடியாத கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிக் கரிசல்காட்டில் தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போட்டன. அந்தச் சோற்றோடு சட்டமும் சேர்ந்தே வந்தது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றது 1920களின் தொடக்கத்தில். அதற்குச் சுமார் பத்தாண்டு முன்பே, 1913இல், வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி இங்கே தடை செய்யப்பட்டுவிட்டது. ஐரோப்பியத் தொழிலாளர்களின் தாடை எலும்பை அந்த நஞ்சு அரித்ததைக் கண்டு, 1906இல் பெர்ன் நகரில் நாடுகள் செய்த உடன்பாட்டைத் தொடர்ந்து வந்த தடை அது. பிறகு பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேர்தான் என்று விதி வந்தது. ஒற்றை வெடியின் சத்தம் நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999இல் வரையறுத்தார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டது.

பட்டாசு ஆலை விதிக்கு மூலமான 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம், தன் 14ஆம் பிரிவில் ராணுவத்துக்கு விலக்குத் தருகிறது. விபத்தைத் தெரிவிப்பதும் விசாரிப்பதும் மட்டுமே மிச்சம். படையின் இடத்தில் நடந்த விபத்தை அந்தப் படையே விசாரிக்கும். அணுகுண்டிலும் இதே நிலைதான். ராஜஸ்தானின் பொக்ரானில் 1974 மே 18இல் ஒன்றும், 1998 மே 11, 13 தேதிகளில் ஐந்துமாக அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. காற்றில் கதிரியக்கம் கலக்கவில்லை என்று 1998இல் அரசு அறிவித்தது. அளந்தது அரசு, சான்று தந்ததும் அரசு. பக்கத்துக் கேதோலாய் கிராமத்தார் வீட்டுச் சுவர் விரிசல்களைக் காட்டினார்கள், நோய்களைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் சொல்வது சரியா தவறா என்று தீர்க்க வேண்டுமானால், வெளியார் ஒருவர் மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்திருக்க வேண்டும்.

கதிரியக்கத்தின் கேடு தெரியாமல் நேர்ந்த குறை இது என்று சொல்ல முடியாது. 1954 ஏப்ரலில், அணுகுண்டுச் சோதனைகளை உடனே நிறுத்திவைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர் நேரு. அணுவெடிப்பின் விளைவுகளை விளக்கி அறிவியலாளர் டி.எஸ். கோத்தாரி முதலானோர் எழுதிய நூலை 1956இல் இந்திய அரசே வெளியிட்டது. காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனைகளைத் தடுத்த 1963 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது. அடுத்தவன் குண்டின் சாம்பலை அத்தனை கூர்மையாகப் பார்த்த நாடு, சொந்தக் குண்டு என்று வந்ததும் கண்காணிப்பைத் தளர்த்தியது. 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பார்வையிலிருந்து, குண்டுக்கான கருவிகளை உருவாக்கிய பாபா அணு ஆராய்ச்சி மையமே 2000இல் விலக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் பாதுகாப்புத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு வேண்டாம் என்றது.

ரகசியம் இல்லாமல் ராணுவம் இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் குண்டின் வடிவமைப்பு வேறு, கிணற்றுத் தண்ணீரின் கதிரியக்க அளவு வேறு. இரண்டாவதை வெளியிடுவதால் நாட்டின் காவல் குலையாது. பூமிக்கடியில் வெடித்தால் ஆபத்தில்லை என்ற வாதத்துக்கு அமெரிக்காவே பதில். நெவாடாவில் 1970 டிசம்பர் 18இல் சுமார் 280 மீட்டர் ஆழத்தில் வெடித்த 'பேன்பெரி' சோதனையின் கதிரியக்கம், நிலத்தைப் பிளந்துகொண்டு வானில் எழுந்தது. 1974இல் பொக்ரான் குண்டு புதைக்கப்பட்ட ஆழம் 107 மீட்டர்தான். வெடிப்பின் வலுவும் மண்ணின் தன்மையும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அங்கே கசிந்தது இங்கேயும் கசிந்திருக்கும் என்று வாதிடவில்லை. அளக்காமல் நம்பச் சொல்லாதீர்கள் என்பதே வாதம். அமெரிக்க அரசும் பல காலம் வாய் திறக்கவில்லை. ஆனாலும் 1990இல் சோதனைத் தளத்தின் காற்றுவாக்கில் வாழ்ந்தவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் வந்தது.

விதி இருந்தும் பட்டாசு ஆலைகளில் ஆள் சாகிறார்களே, விதியால் என்ன பயன் என்றும் கேட்கலாம். சாவுகள் நிற்கவில்லை என்பது வேதனையான உண்மை. ஆனால் ஓர் அறையில் பத்துப் பேர் இருந்தார்கள் என்று வழக்குப் போடவும், உரிமத்தை ரத்து செய்யச் சொல்லவும் நான்கு என்ற அந்த எண்தான் பிடிமானம். கேதோலாய்க்காரருக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஓர் எண் கிடையாது. 1998க்குப் பிறகு இந்தியா சோதனை நடத்தவில்லை. பதற்றமில்லாமல் விதி எழுதத் தோதான காலம் இது. பொக்ரான் வட்டார மண், நீர் ஆகியவற்றின் கதிரியக்க அளவுகளைத் தனி அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் எடுத்து வெளியிட வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். தீப்பெட்டி ஆலை முதலாளியிடம் கேட்கும் கணக்கை அரசு தன்னிடமும் கேட்டுக்கொள்ளட்டும்.