தெருவிளக்கும் காவலும்

ஆரப்பாளையத்தைக் கடந்து, வைகையின் தென்கரையை ஒட்டி, மேலக்கால் சாலை வழியாக மேற்கே செல்பவர்கள் காணும் கோச்சடை, வயலும் வாய்க்காலும் சூழ்ந்த கிராமமாக நெடுங்காலம் இருந்து, இன்று மதுரை மாநகராட்சியின் எல்லைக்குள் அடங்கிவிட்ட ஊராகும். வில்லாயுதம் உடைய அய்யனாரும் முத்தையா சுவாமியும் அங்கே கோயில் கொண்டிருக்கிறார்கள். ஊர் உறங்கும் வேளையில் அய்யனார் குதிரையேறி எல்லையைச் சுற்றிவருகிறார் என்பது பாண்டிநாட்டுக் கிராமங்களின் நெடுநாளைய நம்பிக்கை. இரவில் தெரு அச்சமின்றி நடப்பதற்குரியதாக இருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் எவ்வளவு பழமையானது என்பதற்கு அந்தக் குதிரையே சாட்சி.

அந்தப் பொறுப்பு இன்று யாருடையது என்ற கேள்வியே, நம் நகரங்களில் தெருவோர விபசாரத்தால் அல்லற்படும் குடியிருப்புவாசிகளின் கேள்வியாக இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் விளக்கெரியாத சாலைத் திருப்பத்திலும், முள் மண்டிய காலிமனைகளின் ஓரத்திலும் தரகர்கள் வந்து நிற்கிறார்கள், டியூஷன் முடிந்து வீடு திரும்பும் பெண்ணின் அருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தும் அந்நியன், "வர்றியா?" என்று கூசாமல் கேட்கிறான், தெருவார் கூடி, கையெழுத்திட்டு, ஒரு மகஜர் எழுதுகிறார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அது எண்ணும் முத்திரையும் பெற்று, "உரிய நடவடிக்கைக்காக" என்ற குறிப்புடன் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போகிறது. நகராட்சியார் இது போலீஸ் விவகாரம் என்கிறார்கள். போலீஸார், விளக்குப் போடுவதும் புதரை வெட்டுவதும் தங்கள் வேலையல்ல என்கிறார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் இவ்விரண்டு உண்மைகளுக்கும் நடுவே தெரு இருண்டு கிடக்கிறது. இந்த நிலை எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

சங்ககாலத்து மதுரையின் ஓர் இரவை யாமம் யாமமாக விவரிக்கும் மதுரைக்காஞ்சியில், முன்னிரவில் பரத்தையர் ஒப்பனை செய்துகொண்டு புறப்படும் காட்சியும், நள்ளிரவில் கள்வரைத் தேடி, மழை கொட்டித் தெருவில் நீர் பெருகும் போதும் தளராது உலவும் ஊர்க்காவலரின் காட்சியும் வருகின்றன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை கணிகையர் வாழ்ந்த வீதிகளைத் தனியே குறிப்பிடுகிறது. அக்காலத்து மதுரை இத்தொழிலை அறியாத புண்ணியபூமியன்று. பரத்தையின் மேனியில் தன் அணிகளைக் கண்டுகொண்ட ஒரு மனைவியின் துயரத்தை வைகைக் கரையிலேயே வைத்துப் பாடியிருக்கிறது பரிபாடல். எனினும், அந்த நகரின் இரவுக்கு ஒரு காவல் இருந்தது.

பிற்காலத்தில் மதுரைச் சீமையின் கிராமங்களில் நிலைபெற்ற காவல்முறையின்படி, குடிகளிடம் காவல்கூலி பெற்றவர், களவு போன பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இயலாவிட்டால் அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற நியதி இருந்தது. அம்முறையில் மிரட்டலும் கொடுமையும் மலிந்திருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆயினும், கூலி வாங்கியவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற நியாயம் அதற்குள் இருந்தது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சம்பளப் போலீஸைக் கொண்டுவந்தது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிபட்டு வெளியே விரியத் தொடங்கியிருந்த மதுரைக்கு, 1866-ல் நகரசபை வந்தது. அன்றுமுதல் தெருவின் ஒளி ஒருவர் கையிலும், தெருவின் காவல் வேறொருவர் கையிலுமாகப் பிரிந்துவிட்டன. 1875-ல் ரயிலும், 1892-ல் ஹார்வி மில்லும் வந்து, நாலா திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவியும் நகரமாக மதுரை வளர்ந்த பின்னரும், 1971-ல் மாநகராட்சியாக உயர்ந்த பின்னரும், அந்தப் பிரிவினை மாறவில்லை.

விபசாரம் குறித்து அந்நிய சர்க்கார் இயற்றிய சட்டமும் தெருவாசிகளுக்காக இயற்றப்பட்டதன்று. 1868-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், சிப்பாய்களுக்கு நோய் வராதிருக்கும்பொருட்டு, இத்தொழிலில் இருந்த பெண்களைப் பதிவுசெய்து, பலவந்தமாக வைத்தியப் பரிசோதனைக்கு உள்ளாக்கி, நோய் கண்டவர்களை ஆஸ்பத்திரியில் அடைத்துவைத்தது. நோயைக் கொண்டுவந்த ஆணை அது கேட்கவில்லை. இங்கிலாந்தில் இத்தகைய சட்டங்களை எதிர்த்து ஜோஸபின் பட்லர் அம்மையார் நடத்திய இயக்கத்தின் பயனாக அங்கே 1886-லும், இந்தியாவில் 1888-லும் அவை ரத்தாயின. பின்னர் கல்கத்தாவும் பம்பாயும் 1923-ல் தத்தமக்குச் சட்டங்கள் செய்துகொள்ள, சென்னை மாகாணம் 1930-ல் விபசாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் விபசார விடுதியை மூடச் சொல்லும். மூடிய விடுதியிலிருந்து வெளியேறுகிற பெண் அன்றிரவு எங்கே படுப்பாள் என்பதைச் சொல்லாது. அந்தக் கேள்விக்குச் செயலால் விடையளித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய அவர், தம் வீட்டு வாசலுக்கு அடைக்கலம் தேடிவந்த இளம்பெண்களை ஏற்றுக்கொள்ளத் தங்கும் விடுதிகள் முன்வராததைக் கண்டு, தாமே தொடங்கியதுதான் அவ்வை இல்லம். நூறு மகஜர்கள் செய்யாததை அந்தத் திறந்த கதவு செய்தது.

சுதந்திர இந்தியாவில் விபசாரம் குறித்து 1956-ல் இயற்றப்பட்ட சட்டம், 1958-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி அமலுக்கு வந்தது. இத்தொழிலையே குற்றமாக்காத அச்சட்டம், விடுதி நடத்துவதையும், தரகையும், பொதுவிடத்தில் அழைப்பதையும், கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி முதலியவற்றுக்கு 200 கஜத்துக்குள் தொழில் நடப்பதையும் தண்டனைக்குரியவையாக்கியது. அதன் 20-ஆவது பிரிவின்படி, ஒரு பெண்ணை ஊரைவிட்டே வெளியேறும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். கான்பூரில் எழுந்த வழக்கில், அப்பிரிவு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட் 1963-ல் தீர்ப்பளித்தது. வெளியேற்றப்பட்ட பெண் ஆகாயத்தில் மறைந்துவிடுவதில்லை. ஒரு தெருவின் மகஜர் வெற்றிபெறும் நாளில், அடுத்த தெருவுக்கு மகஜர் எழுத வேண்டிய அவசியம் பிறக்கிறது. 1986-ல் சட்டம் திருத்தப்பட்டு, 200 கஜம் 200 மீட்டராயிற்று. தெருவில் நின்று அழைப்பதற்கு முதல் குற்றத்தில் ஆறு மாதம் வரை தண்டனை விதிக்கும் அதே பிரிவு, குற்றவாளி ஆணாயிருந்தால் மூன்று மாதத்தோடு நின்றுவிடுகிறது. இந்த அநீதியை எழுதும்போது என் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆனால் அதே சட்டத்தில், தெருவாசிகள் பயன்படுத்தத் தவறிய வாசல்களும் இருக்கின்றன. பள்ளிக்கும் கோயிலுக்கும் 200 மீட்டருக்குள் ஒரு வீடு விடுதியாக இயங்குகிறதென்ற தகவல் போலீஸார் மூலமாகவோ வேறு வழியாகவோ கிடைத்தால், ஏழு நாளில் பதில் சொல்லும்படி வீட்டுச் சொந்தக்காரருக்கே மாஜிஸ்திரேட் நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறது 18-ஆவது பிரிவு. விசேஷப் போலீஸ் அதிகாரிக்கு ஆலோசனை கூற, அந்தப் பகுதியின் சமூகசேவகர்கள் ஐவருக்கு மேற்படாத குழுவை, இயன்றவரை பெண்களையும் சேர்த்து, அரசாங்கம் அமைக்கலாம் என்கிறது 13-ஆவது பிரிவு. பெண்களுக்குப் பாதுகாப்பு இல்லம் அமைக்க வழிசெய்கிறது 21-ஆவது பிரிவு. தெருவில் நிற்கிறவளும் கண்ணியத்துக்கு உரியவளே, அவளைப் போலீஸார் வதைக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட் 2022 மே 19-ஆம் தேதி அறிவுறுத்தியிருக்கிறது. தெருவாசியின் அமைதியும் அந்தப் பெண்ணின் கண்ணியமும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியவையல்ல; இரண்டையும் சேர்த்துக் காப்பதற்கே காவல் என்று பெயர்.

ஆகவே, வரிகட்டும் குடிமக்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த மகஜரை எழுதும்போது, "இவர்களை இங்கிருந்து அப்புறப்படுத்துங்கள்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தக் கம்பத்தில் எத்தனை நாளாக விளக்கு எரியவில்லை, எந்த மனையில் முள் மண்டியிருக்கிறது என்று குறித்து, அவற்றை மாநகராட்சியிடம் கேளுங்கள். தரகரைப் பிடிக்கும்படி போலீஸாரிடம் கேளுங்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பும்படி மாஜிஸ்திரேட்டிடம் கேளுங்கள். அந்தப் பெண்ணுக்கு ஓர் இல்லமும் ஒரு பிழைப்பும் தரும்படி அரசாங்கத்திடம் கேளுங்கள். நால்வரிடமும் ஒரே நாளில் கேளுங்கள். பதில் வரும்வரை திங்கட்கிழமைதோறும் சென்று கேளுங்கள்.