ஆண்ட்ராய்டு பில்ட் கோப்பு

ஒரு செயலியின் மூல நிரலைக் கைபேசியில் நிறுவத்தக்க தொகுப்பாக்கும் விதிகள் அடங்கிய கோப்பு, பில்ட் கோப்பு. செயலியின் அடையாளப் பெயர், பதிப்பு எண், அது இயங்கத் தேவையான குறைந்தபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பு, வெளியீட்டுக்குக் கையொப்பமிடும் சாவி ஆகியவை இதில் குறிக்கப்படும். இது குரூவி, கோட்லின் ஆகிய இரு மொழிகளில் எழுதப்படுவதால் வெளியீட்டுக் கையேடுகள் சில இரண்டிலும் எடுத்துக்காட்டுகள் தருகின்றன.

வரலாறு

ஜாவா நிரலாளர்களிடம் முதலில் பரவிய பில்ட் கருவி ஆன்ட். ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் டாம்கேட் வழங்கிக்காக எழுதிய இது, 2000இல் தனிக் கருவியாக வெளிவந்தது. 2004இல் மேவன் என்ற இன்னொரு கருவியின் முதல் பதிப்பு வந்தது. இரண்டுக்கும் எக்ஸ்எம்எல் கோப்புகள்தாம் அடிப்படை. சிறு வேலைக்கும் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. இந்தச் சலிப்பிலிருந்துதான் ஹான்ஸ் டாக்டர் என்பவரின் கிரேடில் என்ற கருவி பிறந்தது. விதிகளை நிரலாகவே எழுத அது குரூவியைத் தேர்ந்தது. 2012இல் கிரேடில் 1.0 பதிப்பு வெளியானது. 2013 மே மாதம் கூகுள் செயலி உருவாக்கும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவை அறிவித்தபோது கிரேடிலையே உடன் எடுத்துக்கொண்டது.

 

கோட்லினை 2017இல் கூகுள் ஆண்ட்ராய்டு நிரலாக்கத்துக்கு அதிகாரபூர்வமாக ஏற்றது. 2018 நவம்பரில் வெளிவந்த கிரேடில் 5.0உடன் கோட்லின் பில்ட் கோப்பு முதிர்ந்த நிலைக்கு வந்தது. 2023இல் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவிலும், 2025 பிப்ரவரியில் வெளியான, செயலி உருவாக்கும் இன்னொரு கருவியான ஃபிளட்டர் 3.29இலும் புதிய திட்டங்களுக்கு அதுவே இயல்புநிலையானது.

எழுத்துமுறை வேறுபாடு

குரூவியில் மதிப்பைச் சமக்குறி இல்லாமலும் எழுதலாம். ஒற்றை மேற்கோளும் செல்லும். கோட்லினில் சமக்குறி கட்டாயம். எழுத்துச் சரத்துக்கு இரட்டை மேற்கோள்தான். ஒற்றை மேற்கோள் ஒரே ஓர் எழுத்துக்கு உரியது. குரூவியில் 'டெஃப்' என்று அறிவிப்பதைக் கோட்லினில் 'வால்' என்று அறிவிப்பார்கள். கையொப்பப் பகுதியில் 'ரிலீஸ்' அமைப்பைக் குரூவியில் பெயரிட்டாலே போதும்; கோட்லினில் 'கிரியேட்' என்று சொல்லி உருவாக்க வேண்டும். சாவிக் கோப்பிலிருந்து படிக்கும் கடவுச்சொல், சாவிப் பெயர் போன்றவை சரம் என்பதையும் எழுதிக் காட்ட வேண்டும். ஆகவே, குரூவி எடுத்துக்காட்டை அப்படியே கோட்லின் கோப்பில் ஒட்டினால் பில்ட் நின்றுவிடும். கையேடு ஒரு மொழியிலும் கருவி தரும் கோப்பு இன்னொரு மொழியிலும் இருந்தால் முதன்முறை வெளியிடுபவர்தான் திண்டாடுவார்.

ஆனாலும் கோட்லினே தெளிவானது. வகைப் பிழைகளைத் தொகுப்பி முன்னரே பிடித்துவிடுகிறது. முதல் பில்ட் சற்று மெதுவாக நடப்பது பொறுத்துக்கொள்ளத்தக்கதே.

இன்றைய நிலை

ஃபிளட்டரின் ஆண்ட்ராய்டு வெளியீட்டுக் கையேட்டில் இரு மொழி எடுத்துக்காட்டுகளும் உள்ளன. பழைய குரூவி கோப்புகளும் தொடர்ந்து இயங்குகின்றன.