படிப்படியாக எதிர்கொள்ளல்: பதற்ற நோய்களும் செயல்வழிச் சிகிச்சையும் – நெய்வேலியை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

எதிர்கொள்ளல் சிகிச்சை என்பது, ஆபத்தில்லாத ஒரு பொருளுக்கோ இடத்துக்கோ செயலுக்கோ அஞ்சி விலகி வாழும் ஒருவர், அதையே தம் ஒப்புதலோடு, சிறிது சிறிதாக, திரும்பத் திரும்பச் சந்திக்கும்படி அமைக்கப்படும் முறை. மருத்துவமனைகளில் எக்ஸ்போஷர் தெரபி என்ற பெயரில் வழங்குகிறது. பதற்ற நோய்களுக்கான உளவியல் சிகிச்சைகளில் மிக விரிவாக ஆராயப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. இதன் அடிப்படை எளிது. அஞ்சும் இடத்தை விட்டு விலகியவுடன் பதற்றம் தணிகிறது. அந்த நிம்மதியே அடுத்த முறையும் விலகத் தூண்டுகிறது. விலகிக்கொண்டே இருப்பவருக்கு, அங்கே போயிருந்தாலும் ஒன்றும் நேர்ந்திருக்காது என்று அறியும் வாய்ப்பே வருவதில்லை.

ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சை வேறொரு வேரிலிருந்து வளர்ந்தது. நோயாலோ காயத்தாலோ ஒருவர் கைவிட்ட அன்றாடச் செயல்களை மீட்டுத் தருவது அதன் பணி. ஆக்குபேஷன் என்ற சொல் இங்கே சம்பள வேலையை மட்டும் குறிப்பதில்லை. குளிப்பது, சமைப்பது, கடைக்குப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, திருவிழாக் கூட்டத்தில் நிற்பது எல்லாம் அதில் அடங்கும். இவ்விரு மரபுகளும் தனித்தனியே உருவான விதத்தையும், அவை சந்தித்த இடங்களையும், நெய்வேலி போன்ற ஒரு தொழில் நகரியத்தில் அச்சந்திப்பு கொள்ளக்கூடிய வடிவத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்பாடு, கட்டாய எண்ண-செயல் நோயான ஓசிடியையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயான பிடிஎஸ்டியையும் பதற்ற நோய்களிலிருந்து தனியே பிரித்தது. சிகிச்சை வரலாறு பொதுவானது என்பதால் இங்கே அவையும் சேர்த்தே பேசப்படுகின்றன.

பயத்தைக் கற்பதும் கழற்றுவதும்

1920இல் அமெரிக்க உளவியலர் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் ஒரு குழந்தையிடம் செயற்கையாகப் பயத்தை உண்டாக்கிக் காட்டினர். ஆல்பர்ட் என்று குறிக்கப்பட்ட அந்தக் குழந்தை வெள்ளை எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்த இரும்புத் தண்டில் சுத்தியால் ஓங்கி அடித்தனர். விரைவிலேயே எலியைக் கண்டாலே குழந்தை அழத் தொடங்கியது. இன்றைய ஆய்வறம் அனுமதிக்காத சோதனை அது. ஆனால் பயம் கற்கப்படக்கூடியது என்பதை அது காட்டியது.

கற்றதைக் கழற்றவும் முடியும் என்பதை 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் காட்டினார். மூன்று வயதை எட்டவிருந்த பீட்டர் என்ற சிறுவனுக்கு முயலென்றால் பயம். அவன் சாப்பிடும் நேரத்தில் கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, அவன் கலங்காத அளவுக்கு நாளுக்கு நாள் அருகே கொண்டுவந்தனர். இறுதியில் சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான். பின்னாளைய படிநிலைகளின் கரு இங்கே இருக்கிறது. உளப்பகுப்பாய்வின் முன்னோடியான ஃபிராய்டும் 1919 அளவிலேயே, தெருவில் இறங்க அஞ்சுபவரிடம் பேசிக்கொண்டே காத்திருந்தால் போதாது, அவரைத் தெருவில் இறங்கச் செய்ய வேண்டும் என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராக இருந்த தென்னாப்பிரிக்கர் ஜோசப் வோல்ப், போர் அதிர்ச்சிக்கு ஆளான வீரர்களுக்கு மருந்துகள் போதிய பயன் தராததைக் கண்டார். பின்னர் பூனைகளைக் கொண்டு நடத்திய சோதனைகளிலிருந்து ஒரு முறையை வகுத்து, 1958இல் நூலாக வெளியிட்டார். நோயாளி தம் அச்சங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவார். தசைகளைத் தளர்த்திய நிலையில் அவற்றை ஒவ்வொன்றாக மனத்தில் கற்பனை செய்வார். பதற்றத்துக்கு நோயாளியே 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும் வழக்கம் இந்த மரபிலிருந்து வந்தது.

1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர், கைகழுவும் கட்டாயத்தில் சிக்கியவர்களை அழுக்கு என்று அவர்கள் கருதியதைத் தொடவைத்து, உடனே கழுவாமல் இருக்கச் செய்தார். ஓசிடி சிகிச்சையின் திருப்புமுனை அது. அடுத்து வந்த ஐசக் மார்க்ஸ், மாட்ஸ்லி மருத்துவமனையில் நடத்திய ஆய்வுகளில், கற்பனையைவிட நேரடியாகக் களத்தில் இறங்குவதே பயன் தருகிறது என்பதை வலியுறுத்தினார். 1970களில் அவர் செவிலியர்களுக்கே இச்சிகிச்சையில் பயிற்சி அளித்தார். முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் பிற மருத்துவப் பணியாளரும் இதைச் செய்யலாம் என்பது அப்போது நிலைபெற்றது.

சிகிச்சை ஏன் பலிக்கிறது என்பதற்கான விளக்கமும் மாறிவந்தது. 1986இல் எட்னா ஃபோவாவும் மைக்கேல் கோசாக்கும், நினைவில் பதிந்துள்ள பயத்தின் அமைப்பு தூண்டப்பட்டு, அதற்கு முரணான புதிய அனுபவம் சேரும்போது அது திருத்தப்படுகிறது என்றனர். 2008க்குப் பின் மிஷெல் கிராஸ்கும் உடன் ஆய்வாளரும் வேறு கோணத்தை முன்வைத்தனர். பழைய பயம் அழிவதில்லை. அதன் பக்கத்தில் ‘ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் உருவாகி அதை அடக்கிவைக்கிறது. அந்தப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்வதால், வெவ்வேறு இடங்களிலும் நேரங்களிலும் பயிற்சி தேவை. மருத்துவமனை அறையில் கற்றது பேருந்து நிலையத்தில் கைகொடுக்காமல் போகலாம். நோயாளியின் வீடும் தெருவும் வேலையிடமும் சிகிச்சைக் களமாக வேண்டியதற்கான காரணம் இது.

கைவேலையிலிருந்து வாழ்க்கைச் செயலுக்கு

செயல்வழிச் சிகிச்சை ஒரு தொழிற்துறையாக உருப்பெற்றது 1917இல். அவ்வாண்டு நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் ஜார்ஜ் பார்ட்டன், வில்லியம் ரஷ் டன்டன், எலினார் கிளார்க் ஸ்லேகிள் உள்ளிட்டோர் கூடி அதற்கான தேசியச் சங்கத்தை அமைத்தனர். மனநல மருத்துவமனைகளில் நாளின் ஒழுங்கைப் பழக்குவது ஸ்லேகிளின் முறை. எழுவது, உடுத்துவது, வேலை செய்வது, ஓய்வெடுப்பது என்ற வரிசையே நோயாளியை மீட்கும் என்று அவர் நம்பினார். மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர் 1922இல் இத்துறைக்கு ஒரு தத்துவ அடித்தளம் தந்தார். வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகியவற்றுக்கிடையிலான சமநிலையே நலம் என்பது அவர் கருத்து.

இத்துறையின் இரண்டு கருவிகள் இங்கே முக்கியமானவை. ஒன்று, ஒரு செயலை அதன் உடல், மனம், சூழல் கூறுகளாகப் பிரித்துப் பார்க்கும் செயல் பகுப்பாய்வு. மற்றொன்று, செயலின் கடினத்தைப் படிப்படியாகக் கூட்டுவது. ஜோன்ஸ் முயலின் தொலைவை வைத்துச் செய்ததைச் செயல்வழிச் சிகிச்சையாளர் கையின் பலத்தையும் வேலையின் நேரத்தையும் துணையின் அளவையும் வைத்துச் செய்துவந்தார். பெயர்கள் வேறாயினும் உத்தி ஒன்றே. 1980இல் கேரி கீல்ஹாஃப்னர் வகுத்த மாதிரி, ஒருவரின் விருப்பம், பழக்கம், செயல்திறன், சூழல் ஆகிய நான்கையும் இணைத்துப் பார்க்கக் கற்றுத்தந்தது.

இரு மரபுகளும் சந்தித்த இடங்கள்

தெளிவான சந்திப்பு நாள்பட்ட வலிச் சிகிச்சையில் நிகழ்ந்தது. வலி வந்துவிடுமோ என்று அசைவையே தவிர்ப்பவரின் இயலாமை கூடிக்கொண்டே போகிறது என்பதை விளக்கும் மாதிரியை 2000இல் யோகான் விளேயனும் ஸ்டீவன் லிண்டனும் விரிவாக எடுத்துரைத்தனர். அதை ஒட்டி நெதர்லாந்தில் வளர்ந்த சிகிச்சையில், நோயாளி அஞ்சும் செயல்களே படிகளாயின. குனிந்து பெட்டியைத் தூக்குவது, தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பது போன்றவை அவை. உளவியலரோடு இயன்முறை மருத்துவரும் செயல்வழிச் சிகிச்சையாளரும் இதில் பங்கேற்றனர்.

வேலைக்குத் திரும்புவதிலும் இம்முறை சோதிக்கப்பட்டது. பதற்றம், மன அழுத்தம் போன்றவற்றால் விடுப்பில் இருந்த தொழிலாளரை வேலையிடச் சூழலைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்யும் திட்டம் ஒன்றை நெதர்லாந்து ஆய்வாளர்கள் வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டு 2013இல் முடிவை வெளியிட்டனர். எதிர்பார்த்ததற்கு மாறாக, அத்திட்டத்தில் இருந்தவர்கள் முழுமையாக வேலைக்குத் திரும்ப அதிக நாள் எடுத்துக்கொண்டனர். அறிகுறியைக் குறைக்கும் முறை தானாகவே வேலையைத் திருப்பித் தந்துவிடாது என்பதை இம்முடிவு உணர்த்துகிறது. பணியின் கூறுகள், மேலாளரின் ஒத்துழைப்பு, ஷிப்ட் மாற்றம் ஆகியவையும் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவின் முதல் செயல்வழிச் சிகிச்சைப் பள்ளியை 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கினார். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்தவர் அவர். 1952இல் இத்துறைக்கான அகில இந்தியச் சங்கம் அமைந்தது. அதே ஆண்டு தோன்றிய உலகக் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

தமிழ்நாட்டில் மறுவாழ்வுப் பணி உடல்நலத்தின் வழியே வேரூன்றியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை மூலம் திருத்தினார். திருத்திய கைக்கு வேலை கற்றுத்தர 1951இல் புதுவாழ்வு நிலையம் ஏற்பட்டது. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1966இல் அங்கே மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார். மனநலத் துறையில், வேலூர் பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையம் நோயாளியோடு குடும்பத்தினரும் தங்கும் முறையைக் கைக்கொண்டது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை வழிநடத்திய டாக்டர் சாரதா மேனன், தொழிற்பயிற்சியை நோயாளியின் மீட்சியோடு இணைத்தார்.

குடும்பம் உடனிருக்கும் இந்தத் தமிழ்நாட்டு நடைமுறை எதிர்கொள்ளல் சிகிச்சைக்கு இருமுனைக் கத்தி. மனைவி கூட வந்தால்தான் வெளியே போவது, மகன் நூறு முறை உறுதி சொன்னால்தான் தூங்குவது, கதவு பூட்டியிருக்கிறதா என்று அம்மாவே போய்ப் பார்த்துவருவது எல்லாம் பாசத்தால் செய்யப்படுபவை. ஆனால் நோயை வளர்ப்பவை. குடும்பத்தினருக்கு இதை விளக்கி, துணையைச் சிறிது சிறிதாகக் குறைக்கப் பழக்கினால் அவர்களே சிகிச்சையின் பலமாக மாறுவர்.

நெய்வேலி: களமும் செயல்களும்

நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956 நவம்பர் 14 அன்று நிறுவப்பட்டது. 1961இல் அதன் சுரங்கத்தில் லிக்னைட் எனும் பழுப்பு நிலக்கரிப் படுகை எட்டப்பட்டு, 1962இல் முதல் மின் அலகு இயங்கத் தொடங்கியது. அதன் ஊழியர்களுக்கெனப் பிளாக் பிளாக்காகப் பிரிக்கப்பட்ட குவார்ட்டர்ஸ்களைக் கொண்ட நகரியத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.05 இலட்சம் பேர் வாழ்ந்தனர். வீடு, பள்ளி, மருத்துவமனை, பஜார், சுரங்கம், அனல்மின் நிலையம் எல்லாம் ஒரே வட்டத்துக்குள் அமைந்த ஊர் இது. வேலையிடத்துக்கு அஞ்சுபவர் அந்த வேலையிடத்தின் புகைபோக்கியைத் தம் வீட்டு வாசலிலிருந்தே பார்க்க நேரிடலாம்.

2020இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் கொதிகலன் விபத்துகள் நேர்ந்தன. ஜூலை 1 அன்று 6 பேர் அந்நாளிலேயே இறந்தனர். காயமுற்றவர்களில் வேறு சிலரும் பின்னர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்தைக் கண்டவருக்கு வரும் அச்சம் முதல் சில வாரங்களில் இயல்பானது. பலருக்குத் தானாகத் தணியும். ஒரு மாதத்துக்கு மேலும் கெட்ட கனவும் தவிர்த்தலும் நீடித்தால் சிகிச்சை தேவைப்படலாம்.

எடுத்துக்காட்டுக்காக மட்டும், கொதிகலன் பகுதியில் வேலை செய்யும் ஒரு ஃபிட்டரை எண்ணிக்கொள்ளலாம். செயல்வழிச் சிகிச்சையாளர் முதலில் அவருடைய ஒரு ஷிப்ட்டைக் கூறுகளாகப் பிரிப்பார்: வீட்டில் யூனிஃபார்மும் ஷூவும் அணிவது, வண்டியில் கேட் வரை போவது, ஹெல்மெட் மாட்டுவது, இரும்புக் கிராதிப் படிகளில் ஏறுவது, நீராவியின் சத்தம், முகத்தில் அடிக்கும் அனல், இரவில் தனியே நிற்பது. ஒவ்வொன்றுக்கும் தொழிலாளியே மதிப்பெண் தருகிறார். ஷூ மாட்டுவது 20. விடுப்பு நாளில் கேட்டுக்கு எதிரே டீ குடிப்பது 35. உடன் வேலை செய்பவரோடு கேன்டீன் வரை போவது 50. பராமரிப்புக்காக நிறுத்திய அலகின் தரைத்தளத்தில் நிற்பது 65. ஓடும் அலகின் அருகே பகலில் வேலை பார்ப்பது 80. நைட் ஷிப்ட் 95.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் அவர் ஒரு கணிப்பைச் சொல்கிறார். ‘சத்தம் கேட்டதும் மயங்கி விழுந்துவிடுவேன்’ என்பது ஒரு கணிப்பு. பின்னர் நடந்ததை அதோடு ஒப்பிடுகிறார். சட்டைப்பையில் மாத்திரையைத் தொட்டுக்கொண்டே நிற்பது, வெளியேறும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பது போன்ற தற்காப்புப் பழக்கங்களும் படிப்படியாகக் கைவிடப்படுகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை, தப்பித்தது மாத்திரையால்தான் என்றே மனம் கணக்கு வைத்துக்கொள்ளும்.

உளவியலர் வகுக்கும் படிநிலை பெரும்பாலும் பயத்தின் அளவைப் பின்பற்றும். செயல்வழிச் சிகிச்சையாளர் அதோடு, எந்தச் செயல் திரும்பினால் வாழ்க்கை நகரும் என்பதையும் கேட்கிறார். ஷிப்ட்டுக்குப் போக முடியாதவருக்கு வருமானமே முதல் கவலையாக இருக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளியாயின் இந்த அவசரம் இன்னும் கூடுதல். கூட்டத்துக்கு அஞ்சி மெயின் பஜாருக்கே போகாத ஓர் இல்லத்தரசிக்குக் காய்கறி வாங்குவதே படிநிலையாகிறது: பிளாக் முனைக் கடை, பஜாரின் ஓரம், மாலை நேர நெரிசல், பின்னர் பண்ருட்டிக்குத் தனியே பேருந்துப் பயணம். பயிற்சி முடியும்போது கையில் காய்கறிப் பை இருக்கும். மறுநாளும் போக அதுவே காரணம் ஆகிறது.

வரம்புகளும் விதிகளும்

தொழில் நகரில் முதல் விதி, உண்மையான ஆபத்தையும் பயத்தின் பொய்யான எச்சரிக்கையையும் பிரித்தறிவது. பழுதுள்ள கொதிகலனுக்கு அஞ்சுவது நோயன்று. அந்த இடம் பாதுகாப்பானது என்று உரிய பொறியாளர்கள் உறுதிசெய்த பின்னரே அது ஒரு படியாக முடியும். தொழிலாளியின் புகாரை நோய் என்று ஒதுக்க இச்சிகிச்சையைப் பயன்படுத்தக் கூடாது. ஒப்புதலின்றி ஒருவரைத் திடீரென அஞ்சும் இடத்தில் நிறுத்துவது சிகிச்சையாகாது. தற்கொலை எண்ணம், மனச்சிதைவு, கட்டுப்படாத இதயநோய், மதுச் சார்பு ஆகியவை இருந்தால் உரிய மருத்துவரின் மதிப்பீடு முதலில் தேவை. உறங்கவோ பதற்றத்தை அடக்கவோ மாத்திரை போட்டுக்கொண்டு எதிர்கொண்டால் கற்றல் குறையலாம் என்பதால் மருந்துத் திட்டமும் கலந்தே வகுக்கப்பட வேண்டும்.

சட்டநிலை இன்னும் முழுமை பெறவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மாநில ஆணையம் பதிவு செய்யும் மனநலப் பணியாளராக மருத்துவ உளவியலர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரைப் பெயரிட்டுச் சொல்கிறது. செயல்வழிச் சிகிச்சையாளரைச் சொல்லவில்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவர்களுக்குத் தனி அங்கீகாரம் தந்தது. எனவே நடைமுறையில் இச்சிகிச்சை குழுப்பணியாகவே அமைகிறது: நோயறிதலும் மருந்தும் மனநல மருத்துவரிடம், பயத்தின் அமைப்பை வகுப்பது உளவியலரிடம், செயலைப் பிரித்து வீட்டிலும் வேலையிடத்திலும் படியாக்குவது செயல்வழிச் சிகிச்சையாளரிடம்.

எதிர்கொள்ளல் சிகிச்சைக்கான சான்றுகள் வலுவானவை. செயல்வழிச் சிகிச்சையாளரே தலைமையேற்று நடத்தியவற்றுக்கான சான்றுகளோ ஒப்பளவில் குறைவு. அவ்விடைவெளியை நிரப்பும் ஆய்வுகள் பதற்ற மதிப்பெண்ணோடு மற்றவற்றையும் அளக்க வேண்டியிருக்கும்: தொழிலாளி மாதத்தில் எத்தனை ஷிப்ட் பார்த்தார், தனியே எத்தனை முறை பஜாருக்குப் போனார், ஓராண்டு கழித்தும் அவற்றைத் தொடர்கிறாரா என்பவை. வேலையிடமும் வீடும் சந்தையும் மருத்துவமனையும் ஒரே வட்டத்துக்குள் அமைந்த நகரியத்தில் இவற்றை அளப்பது எளிது.